இரண்டாவது கட்டம்

லோஷினி இன்னும் பேனாவைத் திறக்கவே இல்லை. ஆனால் படிவத்தின் இரண்டாவது கட்டத்தில் கையெழுத்து இருந்தது. அவளுடைய கையெழுத்து.

மருந்து அறையின் குழல்விளக்கு மெல்ல இரைந்துகொண்டிருந்தது. வெளியே பெர்மாஸ் ஜெயா நகரை மழை மூடியிருக்க, மாலை ஐந்து மணிக்கே ஜன்னல் கறுத்து, கடலோரச் சேற்று வாடை எங்கிருந்தோ நுழைந்து ஸ்பிரிட் நெடியையும் மீறி மூக்கில் ஏறியது. படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முதல் எழுத்தின் சுழிப்பு, கடைசியில் இழுத்துவிடும் வால், எல்லாம் அவளுடையதே. கட்டைவிரலால் தடவினாள். மை ஈரமாக இருந்தது.

இன்சுலின் மாதிரி ஆபத்தான மருந்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மருந்தை எடுத்து முதல் கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். இன்னொருவர் பெயர், மருந்து, அளவு மூன்றையும் வாய்விட்டுப் படித்து, ஊசியைக் கண்ணால் பார்த்துவிட்டு இரண்டாவது கட்டத்தில் போட வேண்டும். இவ்வளவுதான் விதி. இந்த வார்டில் அந்த விதியை யார் மதித்தார்கள்? தாதியரில் பாதிப் பேர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் வேலை தொடங்கியதுமே ஒருவருக்கொருவர் இரண்டாவது கட்டத்தை நிரப்பி வைத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் ஒத்துழைப்பாம்!

தொண்ணூற்றிரண்டு நாளுக்கு முன் லோஷினியும் அப்படித்தான் ஆறு கட்டங்களில் வரிசையாகக் கிறுக்கிவிட்டுச் சாப்பிடப் போனாள். அரை மில்லி எடுக்க வேண்டிய இன்சுலினைக் குணாளன் ஐந்து மில்லி எடுத்தான். பதினாலாம் படுக்கை பேச்சியம்மாள் பிழைக்கவில்லை. மாரடைப்பு என்று எழுதினார்கள். குணாளன் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டான். வார்டு மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. லோஷினியும்தான் மூடிக்கொண்டாள், அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அன்றிலிருந்து ஒரு கட்டத்திலும் அவள் முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டதில்லை.

இன்று அதே பதினாலில் ராசம்மா. தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை செய்பவள், ஐம்பது வயது, பத்துக்குள் இருக்க வேண்டிய சர்க்கரை இருபத்தைந்தைத் தாண்டி வந்திருக்கிறாள்.

"சிஸ்டர், ஒரு செக் பண்ண வாங்களேன்!" என்று லோஷினி கூப்பிட்டாள்.

வார்டு பொறுப்பாளர் சுகந்தினி வரவேற்பு மேசைக் கண்ணாடியில் உதட்டுச் சாயம் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மற்ற எல்லோரும் கீழே விழாவுக்குப் போய்விட்டார்கள். நோயாளிப் பாதுகாப்புக் கேடயம் இந்த வார்டுக்குத்தான்.

"நீயே பார்த்துக்கோலா. என்னை மேடைக்குக் கூப்பிடப் போறாங்க. இருநூறு நாள், ஒரு தப்பும் இல்ல! ஸ்டாஃப் நியூஸ்ல முதல் பக்கம் நம்மதான், தெரியுமா?"

"ஃபாரம்ல என் சைன் தானா வந்திருக்கு சிஸ்டர்."

"காலையில போட்டுட்டு மறந்திருப்ப. அஞ்சு நிமிஷம், வந்துடறேன்."

செருப்புச் சத்தம் மின்தூக்கிப் பக்கம் போனது. லோஷினி பல்லைக் கடித்துக்கொண்டு படிவத்தைக் கிழித்தாள். புதிது ஒன்றை எடுத்து வைத்தாள். அரை மில்லி இன்சுலினை அளந்து எடுத்து, உப்புநீரோடு கலப்பதற்காகத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

கையெழுத்து இருந்தது.

அதையும் கிழித்தாள். இன்னொன்று. இம்முறை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழல்விளக்கு ஒரு தரம் சிமிட்டியது. அவ்வளவுதான். கையெழுத்து இருந்தது.

"யாரு விளையாடறது?" என்று கத்தினாள். பயத்தைவிடக் கோபம்தான் முன்னால் வந்தது. "தைரியம் இருந்தா முன்னாடி வா!"

மழைச் சத்தம் மட்டும். பழக்கதோஷத்தில் அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"பேரு ராசம்மா. படுக்கை பதினாலு."

"சரி."

காதுக்குப் பின்னால், மிக அருகில். அவளுடைய குரல். எதையும் பார்க்காமல், வேறெதையோ நினைத்துக்கொண்டு, தட்டிக் கழிக்கும் குரல். தொண்ணூற்றிரண்டு நாளுக்கு முன் குணாளன் "முன்னாடியே போட்டு வச்சிடட்டா?" என்று கேட்டபோது அவள் சொன்ன அதே 'சரி'.

திரும்பினாள். மருந்து அலமாரி. வெள்ளைச் சுவர்.

ஓடிவிடலாம். ஆனால் ராசம்மா? லோஷினி மேசை விளிம்பை இறுகப் பிடித்தாள். வேண்டுமென்றே தப்பாகப் படித்தாள்.

"இன்சுலின், அஞ்சு மில்லி."

"சரி."

"பேரு பேச்சியம்மாள்."

அதே சலிப்போடு, "சரி."

"தப்பு!" என்றாள் லோஷினி. "எல்லாமே தப்பு. நீ பார்க்கவே இல்ல. நானும் பார்க்கல."

தட்டைப் பார்த்தாள். அவள் எடுத்தது அரை மில்லி. ஊசிக்குழாய் ஐந்து வரை நிரம்பிக் கிடந்தது. அதைத் தூக்கி ஊசிக் கழிவுக்கான மஞ்சள் பெட்டிக்குள் எறிந்துவிட்டு ஓடினாள்.

தாமதமாக வந்த மின்தூக்கியில் சுகந்தினி அப்போதுதான் ஏறியிருந்தார், கதவு மூடப்போனது. அதற்குள் கையை நுழைத்தாள்.

"சிஸ்டர், இறங்குங்க."

"அலமாக்! உனக்கு என்ன ஆச்சு? கீழ எல்லாரும் காத்துட்டு இருக்காங்க..."

"இருநூறு நாள் இல்ல சிஸ்டர். தொண்ணூத்திரெண்டு. பேச்சியம்மா செத்து தொண்ணூத்திரெண்டு நாள் ஆச்சு. சைன் போட்டது நான். ரிப்போர்ட் எழுதப் போறேன். வேணும்னா என் வேலைய எடுத்துக்குங்க."

சுகந்தினியின் முகம் வெளுத்தது. "மெதுவா பேசு. நாம ஒரு டீம்லா..."

"டீம்னா வந்து பாருங்க!"

அப்போது வார்டுக்குள்ளிருந்து மருந்து பம்ப் ஓடத் தொடங்கும் அந்தச் சின்ன 'பீப்' கேட்டது.

இருவரும் ஓடினார்கள். பதினாலில் திரை இழுத்து விட்டிருந்தது. லோஷினி அதைப் பிய்க்காத குறையாக விலக்கினாள். பம்பில் ஊசிக்குழாய். அதன் மேல் ஒட்டிய தாளில் ஐந்து மில்லி என்று எழுதியிருந்தது. கீழே இரண்டு கையெழுத்து. இரண்டும் அவளுடையது. பம்பை நிறுத்தி, குழாயைக் கவ்வியால் அடைத்து, ராசம்மாவின் கையிலிருந்து கழற்றினாள். விரல்கள் நடுங்கவில்லை. பிறகு நடுங்கிக்கொள்ளலாம்.

"சர்க்கரை பாருங்க சிஸ்டர். சத்தமா படிங்க."

சுகந்தினி ராசம்மாவின் விரலில் குத்தினார். அவருடைய வாழ்நாளிலேயே இவ்வளவு கவனமாகச் சர்க்கரைமானியின் எண்ணைப் பார்த்திருக்க மாட்டார். "பதினாறு," என்றார். "பதினாறு, லோஷினி."

"பதினாறு," என்று அவளும் பார்த்துச் சொன்னாள். சர்க்கரை இன்னும் ஆபத்தாக இறங்கவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பிழைத்தாள். இவள் பிழைத்தாள்.

ராசம்மா குழப்பத்தோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன் மிசி எடுத்துட்டீங்க? இப்பத்தானே போட்டீங்க?"

"யாரும்மா போட்டது?"

"நீங்கதான். ரெண்டு பேரா வந்தீங்களே." அவள் விரல் லோஷினியைக் காட்டியது. பிறகு, இன்னொருவரைத் தேடுவதுபோல் சுகந்தினியைத் தாண்டிப் போய், மறுபடி லோஷினியிடமே வந்து நின்றது. "ரெண்டும் நீங்கதான்."

ஒரு 'பீப்'.

வார்டின் அந்தக் கோடியிலிருந்து.

சுகந்தினி லோஷினியின் மணிக்கட்டைப் பிடித்தார். இருபத்துநான்கு படுக்கைகள். நோயாளிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல்களில் மழை வழிந்தது. முதல் படுக்கையின் அருகே, முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி நின்றிருந்தாள். லோஷினியின் சீருடை. லோஷினியின் கொண்டை. கையில் பேனா. படிவத்தைப் பார்க்கவில்லை. ஊசியைப் பார்க்கவில்லை. கை மட்டும் தானாக ஓடியது.

"சரி," என்றாள். இரண்டாவது படுக்கைக்கு நகர்ந்தாள்.

"நிறுத்து!" என்று லோஷினி அலறினாள். "படிச்சுப் பாரு!"

அங்கே நின்றவள் தலையைத் தூக்கவே இல்லை.

படுக்கையின் மறுபக்கம் இன்னொரு உருவம் நிமிர்ந்தது. கருநீலச் சீருடை, உதட்டுச் சாயம். லோஷினியின் மணிக்கட்டில் இருந்த விரல்கள் பனிக்கட்டியாய்க் குளிர்ந்தன. அவளை ஒட்டி நின்ற சுகந்தினிக்கு மூச்சே வரவில்லை. அங்கே இருந்த சுகந்தினி இன்னொரு பேனாவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் குணாளன். அவனுக்குப் பின்னால், கீழே விழாவில் கைதட்டிக்கொண்டிருக்கும் மற்ற எல்லோரும், படுக்கைக்கு இருவராக.

அந்தக் கையெழுத்துகளை அடித்துவிட, லோஷினி தன் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். சுகந்தினியின் கையை விடாமல் இழுத்துக்கொண்டு அவர்களை நோக்கி நடந்தாள். அவர்களுடைய பேனாக்கள் ஓடிக்கொண்டே இருந்தன, மூன்றாவது படுக்கை. நான்காவது.

"சரி," என்றார்கள் எல்லோரும். ஒருவரும் பார்க்கவில்லை.