சாந்த ரீத்தாவின் நீர்வாயில்

பிளாத்தா நதியை நதியென்பதா, கடலென்பதா? அக்கரை தெரியாத அந்த மண்நிற வெள்ளத்தின்மேல் முழுநிலவு எழத் தொடங்கிய அந்திவேளையில், தென்னமெரிக்கக் கரையோரம் போர்த்துக்கீசியர் கட்டிய சாந்த ரீத்தா என்னும் சிறு கோட்டை நகரம் மூச்சடக்கிக் கிடந்தது. வாசக அன்பர்களே, ஐந்து மாதங்களாக ஸ்பானியச் சேனை அந்நகரை முற்றுகையிட்டிருந்தது. உள்ளே குதிரைகளைக்கூட அடித்துத் தின்றாகிவிட்டது.

கோட்டைத் தலைவரின் மகள் லியோனோர், நீர்வாயிலுக்கு மேலிருந்த கொத்தளத்தின் படிகளில் ஏறினாள். அன்று காலை படகில் வந்த துறவி ஒருவர், "நிலா எழுந்ததும் உணவுப் படகுகள் வரும்; நீர்வாயிலைத் திறந்து வையுங்கள்" என்று அவள் தந்தையிடம் சொல்லியிருந்தார். தந்தை நம்பிவிட்டார். அவளோ, உணவு மேசையில் பீரங்கி முழக்கம் கேட்டபோது அந்தத் துறவியின் கை ஜெபமாலையை விட்டுவிட்டு, இல்லாத வாளைத் தேடி இடுப்புக்குப் போனதைக் கண்டுவிட்டாள். அந்தக் கை யாருடையது என்பதும் அவளுக்குத் தெரிந்தது, பயமே அதுதான்.

கொத்தளத்தில் துறவி தனியே நின்றார்.

"எஸ்தேவான்!"

முக்காடு விலகியது. "தேவி, தாங்கள் இங்கே வந்திருக்கக் கூடாது. படகுகளில் வருவது கோதுமையல்ல."

"அறிவேன். என் தந்தை?"

"அவர் உயிருக்குத் தீங்கு நேராது. எங்கள் ஸ்பானியச் சேனாபதியிடம் வாக்குப் பெற்ற பிறகே இதற்கு உடன்பட்டேன்."

"மற்ற முந்நூறு பேர்? தொட்டில் குழந்தைகள்?"

எஸ்தேவான் நதியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கீழே, காவலர்கள் வாயிலின் குறுக்குக் கட்டையை நீக்கும் ஓசை கேட்டது. தொலைவில் விளக்கேற்றாத படகுகள் கரிய நிழல்களாய் நெருங்கிக்கொண்டிருந்தன.

அவள் கொத்தளத்தில் தொங்கிய அபாய மணியின் கயிற்றைப் பற்றினாள். "குதித்துவிடுங்கள். இந்தக் கைகளின் நடுக்கம் அடங்கும் வரையில்தான் தங்களுக்கு அவகாசம்."

"தாங்களும் வாருங்கள்!"

"வந்தால் மணியை யார் அடிப்பது?"

அவன் குனிந்து அவள் கரத்தில் இதழ் பதித்தான். மறுகணம் மதிலைத் தாண்டி வெள்ளத்தில் மறைந்தான். மணி அலறியது. வாயில் படாரென்று அடைபட்டது. துப்பாக்கிகள் வெடித்தன, படகுகள் தடுமாறித் திரும்பின. நீரில் தெரிந்த தலையைக் குண்டு தொட்டதா இல்லையா, அவளால் காண முடியவில்லை.

மூச்சிரைக்க ஓடிவந்த தந்தை அவள் தோளை உலுக்கினார். "அந்த வஞ்சகனை ஏன் தப்பவிட்டாய்? யாரவன், சொல்!"

"மூன்றாண்டுகளுக்கு முன், சமாதான காலத்தில், தங்களுக்குத் தெரியாமல் அக்கரைத் தேவாலயத்தில் என் கரம் பற்றியவர், தந்தையே."

நதியிலிருந்து கண்ணெடுக்காமலே லியோனோர் சொல்லி முடித்தாள்:

"என் கணவர்."