கண்ணாடிக்குள் சண்முகவடிவு

ராகலைத் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே உள்ள பழைய துரை பங்களா இப்போது ஹோட்டல். நான் அங்கே அறை துடைக்கிறவள். மழைமூட்டமான ஒரு சாயந்திரம் ஓவியர் கஜதீபன் வந்திறங்கினார். ஈரச் சப்பாத்தோடு நேரே ஹாலுக்குப் போய், போன வருஷம் தான் கரியால் வரைந்து கொடுத்த படத்தின் முன் நின்று ரசித்தார்.

படத்தில் இருப்பது என் அம்மா சண்முகவடிவு. கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டிச் செத்தாள்.

வருகிறவர்களெல்லாம் அதன் முன் உருகி நிற்பார்கள். என்ன வீச்சான கோடு, ஒரே இழுப்பில் அந்தப் பிதுங்கிய உதடு, சரிந்த கண்! என்ன கற்பனை என்பார்கள். கற்பனையாவது மண்ணாங்கட்டியாவது! அம்மாவைக் கம்பளியில் போட்டுத் தூக்கி வந்தபோது முகம் அப்படித்தான் ஊதிப் பளபளத்தது. வாயோரம் வழிந்த எச்சிலைக்கூட அந்த மனிதர் விடவில்லை.

“இதைக் கழட்டிக் குடுத்துருங்க சார். அம்மா பக்கத்துலயே பொதைச்சிர்றேன். இந்தக் கோலத்துல ஊரே பாக்குது.”

“விசரே பிள்ளை உமக்கு? இப்பிடி ஒரு படம் இனி என்ர கைக்கு வராது.”

“எங்கயிருந்து பாத்து வரைஞ்சீங்க?”

“வாகனத்துக்குள்ள இருந்துதான். உம்மட அம்மா கண்ணாடியத் தட்டித் தட்டித் திறக்கச் சொல்லிக் கேட்டவ. குளவியெல்லோ, எப்பிடித் திறக்கிறது? அந்தப் பார்வையாலதான் கண் இவ்வளவு வடிவா வந்தது.”

தூ! நான் துடைத்த தரையிலேயே துப்பினேன்.

டொக்.

ஜன்னல் என்று நினைத்தேன்.

டொக். டொக்.

படத்தின் கண்ணாடி. உள்ளேயிருந்து.

அவர் குனிந்து உற்றுப் பார்த்தார். நிமிர்ந்தபோது கீழுதடு அவித்த ஈரல் மாதிரித் தொங்கியது. ஒரு கண் மூடிக்கொண்டது. குப்பென்று வாந்தி நாற்றம். ஹாலில் ஒரு குளவியும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டதாம்.

அன்றிலிருந்து படத்தில் அம்மாவின் வீக்கம் வற்றத் தொடங்கியது. கொஞ்ச நாளில் அம்மாவின் பழைய முகமே வந்துவிட்டது. அதன் முன் இப்போது ஒருவரும் நிற்பதில்லை.

“இதுல என்ன இருக்கு, நீயே எடுத்துட்டுப் போ,” என்று கழற்றித் தந்தார் மேனேஜர்.

அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டி, படத்தை மல்லாத்தி வைத்தேன். ஒரு கை மண் போட்டேன்.

கண்ணாடியில், மூக்குக்கு நேரே, உள்பக்கம் ஆவி படிந்தது.

மறைந்தது.

மறுபடி படிந்தது.

ஐயோ, மிச்ச மண்ணை எப்படித் தள்ளுவேன்?