தேக்கத்துயில்

சித்திரை பிறந்ததும் வேலூர்க்காரர்கள் பாயும் தலையணையுமாகத் துயில்கூடத்துக்கு வந்துவிடுவார்கள். ஊசி போட்டுக்கொண்டு படுத்தால் ஐப்பசி மழைக்குத்தான் கண்விழிப்பார்கள். நிழலில் நின்றாலும் தோல் வெந்துபோகிற அந்த மாதங்களில் கூடத்துக்குள் ஒரே ஓர் ஆளுக்குத்தான் உணவு உண்டு. விழித்திருந்து மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஆள் மங்கையர்க்கரசி.

பூச்சிகளின் உடலியலை ஆராய்ந்தவள் அவள். மண்ணுக்குள் கூட்டுப்புழுக்கள் கோடையை உறங்கியே கழிப்பது எந்த ஹார்மோனால் என்று கண்டுபிடித்தாள். அதை மனிதருக்கும் பொருத்தி, தேக்கத்துயில் என்று பெயரும் வைத்தாள். அவள் உடம்பு மட்டும் அதை ஏற்கவில்லை. முதல் ஊசியிலேயே தொண்டை வீங்கி, உயிர் போய்த் திரும்பியது.

துயிலில் வயது ஏறாது. அவளைவிட மூத்தவரான கணவர் தணிகாசலம், இத்தனை வருடக் கோடைகளைத் தூங்கிக் கழித்ததில், இப்போது பார்ப்பதற்கு அவளுடைய தம்பி போலிருந்தார்.

இந்தச் சித்திரையில் அவர் கையைப் பிடித்தவள், ஊசியைக் குத்தாமல் நின்றாள்.

"பல தடவை தூங்கவெச்ச புழுங்கள்ல சிலது எழுந்திரிக்கவே மாட்டேங்குது. மேலிடத்துல சொல்லிட்டேன். வேற வழி இருக்கான்னு கேக்கறாங்க."

"இருக்கா?"

"இல்ல. நீங்களாவது எங்கூட முழிச்சிருங்க. என் சாப்பாட்டுல பாதி தரேன்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். "நெசமா புழுவைப் பாத்துத்தான் சொல்றியா அரசி? இல்ல, தனியா இருக்க முடியலையா?"

அது அவளுக்கே தெரியவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. ஊசியைப் போட்டாள்.

அந்தக் கோடையில் படுக்கைகளுக்கு நடுவே நடந்தபடி தனக்குத்தானே சத்தமாகப் பேசினாள். ஒருநாள், எங்காவது போய்விடலாம் என்று வெளிக்கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள். உள்ளங்கை பொசுங்கியது.

ஒருவழியாக மழை வந்தது. தணிகாசலம் கண்ணைத் திறந்து சிரித்தார். "பாத்தியா? எழுந்துட்டேன்!"

அவள் அவர் மார்பில் முகம் புதைத்து அழுதாள். அப்போது கடைசி வரிசையில் ஒருவன் மனைவியை உலுக்கி உலுக்கிக் கூப்பிடும் குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஜன்னலோரமாக யாரையோ எழுப்பும் இன்னொரு குரல். மங்கையர்க்கரசி ஓடிப்போய் நாடி பார்த்தாள். இருவருக்கும் உயிர் இருந்தது. விழிப்பு மட்டும் வரவில்லை.

தணிகாசலத்தின் சிரிப்பு எங்கோ போயிருந்தது. "அடுத்த சித்திரைக்கு என்ன பண்றது?"

கூடம் முழுக்க அவளையே பார்த்தது. வெயில் திரும்பி வராமலிருக்கப் போவதில்லை. ஊசியை அவள்தான் போட்டாக வேண்டும்.