பெபிஷா உட்காரவில்லை

கார் நிற்பதற்குள் கதவைத் திறந்து இறங்கினான் ஜெயசிங். மஸ்கட்டிலிருந்து அவசர லீவு. சிதறாலில் அவன் கட்டிய புது வீட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம் முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது; பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. வாசல் படியாகக் கிடந்த நீளக் கருங்கல்லை மிதித்து உள்ளே போனான்.

ஹால் நடுவில் அவன் மகள் பெபிஷா நின்றுகொண்டிருந்தாள். ஆறு வயது.

"ஜெபத்தன்னைக்கு படியேறி வந்ததுலயிருந்து இப்பிடியேதான்," என்று கிசுகிசுத்தாள் மனைவி சபிதா. "உறங்குறதும் நின்னுட்டேதான். டாக்டர் வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லேண்ணு போயிட்டாரு."

தூக்கிப் பார்த்தான். அசைக்க முடியவில்லை. கால் முட்டு இரண்டும் வீங்கியிருந்தன.

"கால் வலிக்குப்பா. உக்கார விடச் சொல்லுங்க."

"யாருகிட்ட மக்களே?"

அவள் வாசல் படியைப் பார்த்தாள்.

ஜெயசிங்கும் அந்தக் கல்லைத் திரும்பிப் பார்த்தான். அது முன்பு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நின்ற கல். யார் நட்டது, எந்தக் காலத்தில் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அதன் முன்னால் யாரும் உட்கார மாட்டார்கள். ரப்பர்ப் பால் வெட்ட வருகிறவர்கள் நின்றபடியே கஞ்சி குடிப்பார்கள். சர்ச்சுக்குப் போகிறவர்களும் அப்படித்தான். ஒருத்தர் ஓயாமல் நிற்கும்போது நாம் உட்காரலாமா என்பார்கள். புத்தி கெட்டுப்போய் அவன்தான் மஸ்கட்டிலிருந்து வீடியோ காலில் சிரித்துக்கொண்டே, "பாவம், எத்தன காலம் நிக்கும்? சாய்ச்சுப் படியாப் போடுங்க" என்றான்.

பக்கத்து வீட்டு ஞானதாசன் ஜேசிபி கொண்டுவந்தார். படியைப் பெயர்த்துச் சங்கிலி கட்டித் தோட்டத்துக்கு இழுத்தார்கள். கல் நின்ற பழைய குழியிலிருந்து, பல காலம் மூடிக்கிடந்த அறையைத் திறந்ததுபோல ஒரு வாடை வந்தது. அந்தி மங்கும்போது கல் நிமிர்ந்தது.

"பிள்ள உக்காந்துட்டா!" சபிதாவின் சத்தம் வீட்டிலிருந்து கேட்டது.

ஓடினான். புது சோபாவின் ஓரத்தில், பிரிக்காத பிளாஸ்டிக் உறைமேல் பெபிஷா உட்கார்ந்திருந்தாள். அவள் கால்களைக் கட்டிக்கொண்டு அழுதான். கர்த்தரே, கர்த்தரே என்றே சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து பக்கத்தில் உட்காரப் போனான்.

"அங்க வேண்டாம்ப்பா."

"ஏன் மக்களே?"

"அவருக்குக் கால் வலிக்குதாம். இனி அங்க போயி நிக்க மாட்டாராம்." குரலைத் தாழ்த்தினாள். "போகச் சொல்லாதீங்கப்பா. சொன்னா திரும்பவும் என்னய நிக்க வச்சிருவாரு."

சபிதா அவன் கையை இறுகப் பிடித்தாள்.

பெபிஷா நகர்ந்து இடம் விட்டாள்.

காலியான இடத்தில் பிளாஸ்டிக் சரசரத்தது. மெத்தை மெல்ல அமுங்கியது.