மேடு ஏறும் நாலாவது ஆள்

வாசலில் இரண்டு வண்டிகள் வந்து நின்ற அன்று, ஏழு மாதத்துக்குப் பிறகு அப்பா காலையிலேயே நல்ல சட்டை போட்டுக்கொண்டார்.

ஒரு வண்டி பச்சை, இன்னொன்று சிவப்பு. அவற்றை ஜீப் என்றும் சொல்ல முடியாது, டிராக்டர் என்றும் சொல்ல முடியாது. கதவு கிடையாது. தலைக்கு மேலே இரும்புக் கம்பிக் கூண்டு. பின்னால் உரமூட்டை ஏற்ற ஒரு தொட்டி. கல், சேறு, பள்ளம் எதையும் சட்டை செய்யாத பருத்த டயர்கள். தோட்டம் வைத்திருப்பவர்களுக்காகவே செய்த வண்டி அது.

"மூணு நாள் ஓட்டிப் பாருங்க. நாலாம் நாள் காலையில வர்றேன். பிடிச்சதை வச்சுக்கங்க, மத்ததை எடுத்துட்டுப் போயிடுறேன். ரெண்டுமே தங்கம்!" என்றார் வண்டிக் கடைக்காரர்.

"தங்கம் வேண்டாங்க. மேடு ஏறினாப் போதும்" என்றாள் அம்மா. அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேசுவது பிடிக்காது.

மேடு என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்று. அதன் உச்சியில் முந்நூறு எலுமிச்சை மரங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் அப்பா தன் கையால் குழி தோண்டி நட்டது. ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து அவரால் அங்கே போக முடியவில்லை. கைத்தடியோடு வாசல் வரை வருவார், குன்றை அண்ணாந்து பார்ப்பார், திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வார்.

"கண்ணால பார்க்க முடியாத தோட்டத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? வித்துடலாம்" என்று போன வாரம் சொல்லிவிட்டார். பக்கத்துத் தோட்டக்காரர் வாங்கத் தயாராக இருந்தார். இந்த இரண்டில் ஏதாவது ஒரு வண்டி அப்பாவை மேலே கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால், தோட்டம் கைவிட்டுப் போய்விடும்.

எறும்புக்கு இதெல்லாம் தெரியும். அவளுக்குப் பத்து வயது. ஓர் இடத்தில் நிற்கவே மாட்டாள் என்பதால் அப்பா அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார். உண்மையான பெயர் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது.

முதலில் பச்சை வண்டியை எடுத்தார்கள். அம்மா ஓட்டினாள், எறும்பு பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி சிங்கம் மாதிரி உறுமிக்கொண்டு கிளம்பியது. குன்றின் அடியில் ஒரு பழைய மோட்டார் கொட்டகை உண்டு. மோட்டாரும் இல்லை, கூரையும் இல்லை, நாலு சுவர் மட்டும்தான். ஏற்றம் அங்கேதான் தொடங்குகிறது. அந்த இடத்துக்கு வந்ததும் வண்டியின் பின்பக்கம் சட்டென்று கீழே அழுந்தியது.

"பள்ளம்" என்றாள் அம்மா.

எறும்பு திரும்பிப் பார்த்தாள். பாதை சமமாக இருந்தது.

பச்சை வண்டி மேடு ஏறி இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்கு ஒரு குறை. அதன் படி ரொம்ப உயரம். அப்பாவால் அவ்வளவு தூரம் காலைத் தூக்க முடியவில்லை. மூன்று முறை முயன்றார். மூன்றாவது முறை வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "இது ஒட்டகச்சிவிங்கிக்குச் செஞ்ச வண்டி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்தது எறும்புக்கு அழுகையை வரவழைத்தது.

மீதம் இருந்தது சிவப்புதான்.

சிவப்புக்குத் தாழ்வான படி. முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் இரண்டு. "நாலு சீட்டுக்கும் காவல் இருக்கு. உட்கார்ந்தவங்க பெல்ட் போடலைன்னா வண்டி விடாமக் கத்தும்" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

அப்பாவை ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று அம்மா கிளம்பினாள். எறும்பு பின்னால் ஏறிக்கொண்டாள். குன்றெங்கும் மூடுபனி இறங்கியிருந்தது. கொட்டகையை நெருங்கியபோது அம்மா வேகத்தைக் குறைத்தாள்.

டிங். டிங். டிங்.

"பெல்ட்டைப் போடு, எறும்பு."

"போட்டிருக்கேம்மா."

அம்மா ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த எச்சரிக்கை விளக்குகளைப் பார்த்தாள். முன்னால், அவளுக்குப் பக்கத்து இருக்கையின் படத்தில் சிவப்புப் புள்ளி எரிந்தது. அந்த இருக்கையில் யாரும் இல்லை.

ஏற்றம் முழுக்க வண்டி கத்திக்கொண்டே வந்தது. மேல்தோட்டத்தின் கம்பிக் கதவுக்கு முன்னால் நின்றதும், சட்டென்று வாயை மூடிக்கொண்டது. இறங்கும்போது ஒரு சத்தமும் இல்லை.

மறுபடி ஏறிப் பார்த்தார்கள். கொட்டகையில் தொடங்கியது, கதவில் நின்றது.

அம்மா கடைக்காரரைப் போனில் பிடித்தாள்.

"சீட்டுல ஏதாவது கனமா வச்சீங்களாம்மா?"

"காத்தைத்தான் வச்சிருந்தோம்."

"அப்ப ஏதாவது ஒயர் ஆடும். பயப்படாதீங்க."

"பயமா? எனக்கா?" என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்தாள். ஆனால் அன்று மேற்கொண்டு வண்டியை எடுக்கவில்லை.

இரண்டாம் நாள் அப்பா சிவப்பு வண்டியில் ஏறினார். ஒரே முயற்சியில் ஏறிவிட்டார்! கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டார். எறும்பு பின்னாலிருந்து கைதட்டினாள்.

கொட்டகை வந்தது. சத்தம் வரவில்லை. எறும்பு மூச்சை விட்டாள்.

அப்போது அப்பாவின் தோள்கள் மெல்லக் குறுகின.

"வண்டியை நிறுத்து" என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. "இடுப்பு தாங்கலை. யாரோ மடியில ஏறி உட்கார்ந்த மாதிரி கனக்குது. காலெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு."

அம்மா வண்டியைத் திருப்பினாள். இறக்கத்தில் உருளத் தொடங்கியதுமே அப்பாவின் முகத்துக்கு நிறம் திரும்பியது. ஆனால் மனசு திரும்பவில்லை.

"வண்டி மேல குத்தமில்லை. என் உடம்புதான் இன்னும் சரியாகலை. நாளைக்கு மத்தியானம் பக்கத்துத் தோட்டக்காரரை வரச் சொல்லு, பேசி முடிச்சுடலாம்" என்றார்.

எறும்புக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அன்று பிற்பகல் தனியாகக் கொட்டகைக்கு நடந்தாள்.

பனி இன்னும் விலகவில்லை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. கொட்டகைச் சுவரை ஒட்டி ஒரு பெரிய தட்டைக்கல் கிடந்தது. நடந்து வந்த களைப்பில் அதில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த வேகத்திலேயே துள்ளி எழுந்தாள்.

நாள் முழுக்க வெயிலே இல்லை. சுவர் ஈரமாக இருந்தது, புல் ஈரமாக இருந்தது. கல் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து அவளுக்கு இடம் விட்ட மாதிரி.

ஓடிவிடலாம் என்று கால்கள் சொல்லின. ஆனால் ஓடினால் அப்பாவின் தோட்டமும் போய்விடும். எறும்பு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பயந்துகொண்டே யோசித்தாள்.

ஒயர் ஆடினால் இறங்கும்போதும் ஆட வேண்டுமே? ஏறும்போது மட்டும் ஏன்? அதுவும் சரியாக ஏற்றம் தொடங்குகிற இடத்தில் ஏன் தொடங்க வேண்டும், கதவு வந்ததும் ஏன் நிற்க வேண்டும்? பச்சை வண்டியும் இதே இடத்தில்தானே அழுந்தியது! அதிலும் ஏறியிருக்கிறது. பாவம், அந்த வண்டிக்குச் சொல்லத் தெரியவில்லை.

இறக்கத்தில் வண்டி வேண்டாம், ஏற்றத்துக்கு மட்டும் வேண்டும் என்றால், அது எப்படிப்பட்ட ஆள்?

மேடு ஏற முடியாத ஆள். அப்பா மாதிரி.

அதற்குப் பிறகும் எறும்புக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு ஓடிப் போகாமல் நடந்தே போனாள்.

மூன்றாம் நாள் காலை அவள் அப்பாவின் கட்டிலை விட்டு நகரவில்லை. "இன்னும் ஒரே ஒரு தடவைப்பா. மத்தியானம் அவர் வர்றதுக்குள்ள திரும்பி வந்துடலாம்."

"விட மாட்டியே!" என்று அப்பா கைத்தடியை எடுத்தார்.

கொட்டகை வந்தது. பனியில் சுவர் பாதிதான் தெரிந்தது.

"நிறுத்தும்மா" என்றாள் எறும்பு.

அம்மா நிறுத்தினாள். எறும்பு இருக்கையின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டாள். செருமிக்கொண்டு, பனியைப் பார்த்துச் சத்தமாகப் பேசினாள்.

"முன் சீட்டுல எங்க அப்பா இருக்காரு. அவருக்கு இடுப்புல அடிபட்டிருக்கு, கனம் தாங்க மாட்டாரு. என் பக்கத்துல இடம் காலியா இருக்கு. நீங்க இங்க வந்து உட்காருங்க."

"யார்கிட்டடி பேசுறே?" என்று அம்மா திரும்பினாள்.

எறும்பு பதில் சொல்வதற்குள் பக்கத்து இருக்கையின் மெத்தை மெதுவாக அமுங்கியது.

டிங். டிங். டிங்.

இந்த முறை சிவப்புப் புள்ளி பின் இருக்கையில் எரிந்தது. எறும்பின் இடது கை முழுக்கக் குளிர் பரவியது. ஈரமண் வாசனை வந்தது. அவள் அந்தப் பக்கத்துப் பெல்ட்டை இழுத்து, குறுக்கே கொண்டுவந்து மாட்டினாள்.

சத்தம் நின்றது.

வெறும் இருக்கையில் மாட்டிய பெல்ட் தொய்ந்து விழ வேண்டும். இது விழவில்லை. இல்லாத ஒரு மடியைச் சுற்றி வளைந்து, அப்படியே நின்றது.

அம்மாவின் விரல்கள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தன.

"அப்பா, கனக்குதா?"

"இல்லைம்மா" என்றார் அப்பா. குரல் கிசுகிசுப்பாக வந்தது. "துளிகூட இல்லை."

"அப்ப போலாம்மா."

வண்டி ஏறியது. எறும்பு நேராகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் மட்டும், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல, "இப்ப ஒரு குழி வரும். கெட்டியாப் பிடிச்சுக்கங்க" என்றாள்.

மேலே கம்பிக் கதவுக்கு முன்னால் வண்டி நின்றது.

கிளிக்.

பெல்ட் தானாகக் கழன்று, சரசரவென்று தன் இடத்துக்குப் போனது. மெத்தை பழையபடி உப்பியது. கதவைத் திறக்க அம்மா எப்போதும் இறங்கித்தான் ஆக வேண்டும். அவள் இன்னும் காலைக்கூடக் கீழே வைக்கவில்லை, அதற்குள் கொண்டி விலகி, கதவு முழுசாகத் திறந்தது. அங்கே ஓர் இலைகூட அசையவில்லை.

"ஒயர்தான்" என்றாள் அம்மா, எச்சிலை விழுங்கிக்கொண்டு. "கதவுக்கும் ஏதோ ஒயர்."

அப்பா அதைக் கேட்கவில்லை. தடியை ஊன்றி இறங்கி, முதல் வரிசை மரங்களிடம் போய்விட்டார். ஒரு கிளையைப் பிடித்தார், இலையைப் புரட்டினார், கசக்கி முகர்ந்தார். அவர் தோள்கள் குலுங்கின. எறும்பு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இலையெல்லாம் நல்லாருக்குன்னு உங்க அம்மா சொன்னாளே! பாதி மரத்துல பூச்சி!" என்று அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினார்.

"சொன்னா நீங்க நடந்தே ஏறிடுவீங்கன்னு பயந்துதான் சொல்லலை" என்றாள் அம்மா.

மத்தியானம் பக்கத்துத் தோட்டக்காரர் வந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, வந்த வழியே வெறுங்கையோடு திரும்பிப் போனார். அப்பாவுக்குப் பூச்சி மருந்துக் கணக்குப் போடவே நேரம் சரியாக இருந்தது.

நாலாம் நாள் காலை கடைக்காரர் வந்தார். பச்சை வண்டியைத் தன் லாரியில் ஏற்றிக் கயிறு கட்டினார். பிறகு கையில் ஒரு திருப்புளியோடு சிவப்பு வண்டியிடம் வந்தார்.

"ஆள் இல்லாமலே கத்துதுன்னு அம்மா போன்ல சொன்னாங்களே? ரெண்டு நிமிஷம் கொடுங்க. அந்த ஒயரைக் கழட்டி விட்டுடுறேன், ஜென்மத்துக்கும் கத்தாது."

"ஐயோ, வேண்டாங்க!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதில் அம்மாவின் குரல்தான் பெரிசாகக் கேட்டது.

கடைக்காரர் விழித்தார். "ஏங்க, கத்தினாத் தொந்தரவு இல்லையா?"

"தொந்தரவு என்ன?" என்றார் அப்பா. "அது கத்தலைன்னா, அவங்க ஏறிட்டாங்களான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"