யாரோ அழுத்தும் பட்டன்

ஆன் செய்தால் ஒரு தடவை பீப் என்று கத்திவிட்டுக் கிளம்பும் கம்ப்யூட்டர், இன்று கத்தலை நிறுத்தவேயில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. கீபோர்டில் ஏதோ ஒரு பட்டன் அழுந்தியே இருக்கிறதாம்.

ஜெயசுதா கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினாள். மிக்சர் தூள் கொட்டியது. பட்டன்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

இன்று மதியம் அவளுக்கு பி.எட். ஆன்லைன் தேர்வு. போன தடவை கரண்ட் போய்க் கோட்டை விட்டாள். இந்தத் தடவையும் போனால் படிப்பை மூட்டை கட்டிவிட்டுக் கரும்பு வெட்ட வரவேண்டும் என்று மாமியார் அமிர்தம் சொல்லியாகிவிட்டது. கணவன் வெங்கடேசன் வழக்கம்போல அம்மாவுக்குத் தலையாட்டினான். நேற்று சாயங்காலம் அடுப்படியில் இருந்தபோது இந்த அறையில் துடைப்பச் சத்தம் கேட்டதை நினைத்துக்கொண்டாள். ஒரு நாளும் பெருக்காத மாமியார் நேற்று மட்டும் ஏன் பெருக்க வேண்டும்?

கள்ளக்குறிச்சியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பிரிட்டோவுக்குப் போன் போட்டாள்.

"இன்னிக்கு வர முடியாதுக்கா, இடஒதுக்கீடு மறியல். ரோட்ட அடைச்சிக்கினு உக்காந்திருக்காங்க, பஸ்ஸே வுடல. நீங்களே கீபோர்டு ஒயர புடுங்கிட்டு ஆன் பண்ணிப் பாருங்க."

பிடுங்கினாள். அதே பீப். அதே வரி.

"ஒயரே இல்ல பிரிட்டோ. இன்னும் பட்டன் அழுந்திக்கினு இருக்குதுன்னு காட்டுது."

"அப்பிடி வராதேக்கா. சரி, பெட்டிக்குள்ள ரேம்னு மெமரி பட்டை ஒண்ணு பச்சையா இருக்கும். அத கழட்டி ரப்பரால தேச்சிப் போடுங்க."

ரிப்பேர்காரர்களுக்கு எல்லா நோய்க்கும் ரப்பர்தான் மருந்து. கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். சூடான தூசி நெடி வரும் என்று நினைத்தவளுக்கு ஈரத்தலை வாசனை வந்தது, தலைக்கு ஊற்றிக்கொண்டு துவட்டாமல் யாரோ தோளுக்குப் பக்கத்தில் குனிந்து அவளோடு சேர்ந்து உள்ளே எட்டிப் பார்ப்பதுபோல. காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டது அமிர்தம்தான். திரும்பினாள். யாருமில்லை.

தேய்த்துப் போட்டும் பீப் நிற்கவில்லை. ஆத்திரத்தோடு பின்கட்டுக்குப் போனாள். அமிர்தம் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்து கம்ப்யூட்டர்ல கை வெச்சீங்களா அத்தை?"

"நான் அந்த ரூம்புக்கே போவலியே. நீதானம்மா உள்ள பெருக்கிக்கினு இருந்த."

வாய் கூசாத பொய் என்று நினைத்தாள். உள்ளே வந்து பின்கதவை இழுத்துத் தாழ் போட்டாள். இனி எப்படி வருவாள் என்று பார்க்கலாம்.

அந்த நொடியே பீப் நின்றது. கம்ப்யூட்டர் கிளம்பிவிட்டது. ஜெயசுதாவுக்கு அழுகையே வந்தது, அவ்வளவு நிம்மதி. ஒயரைச் செருகித் தேர்வுப் பக்கத்துக்குள் நுழைந்தாள். மானிட்டருக்கு மேலே இருந்த கேமரா அறையைத் திரையில் காட்டியது. அது பார்க்கும் ஒவ்வொரு முகத்தைச் சுற்றியும் பச்சைச் சதுரம் போடும். ஒரே முகம் இருந்தால்தான் கேள்விகள் திறக்கும்.

'அறையில் இருவர் உள்ளனர். மற்றவர் வெளியேறவும்.'

ஒரு சதுரம் அவள் முகத்தில். இன்னொன்று பின்னால், வெறும் சுவரில், தரையை ஒட்டி.

"கதவ தொறம்மா," என்று பின்கட்டிலிருந்து அமிர்தம் தட்டினாள். "எதுக்குத் தாழ் போட்ட?"

அப்படியானால் இது யார்?

சுவர்ச் சதுரம் உயர்ந்தது. உட்கார்ந்திருந்த யாரோ எழுந்து நிற்பதுபோல. எழுந்து ஓடிவிடலாம். ஓடினால் தேர்வு போய்விடும். கரும்புக் கொல்லைதான். அவள் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சதுரம் நெருங்கியது. ஈரத்தலை வாசனை. பிடரியில் ஒரு சொட்டு. குளிர்ந்த நீர்.

இரண்டு சதுரங்களும் உரசின. ஒன்று அணைந்தது.

'நன்றி. அறையில் ஒருவர் மட்டும் உள்ளார். தேர்வைத் தொடங்கலாம்.'

திரையில் அவள் முகம் தெரிந்தது. அதைச் சுற்றி எதுவும் இல்லை. மிச்சமிருந்த சதுரம் அவள் தோளுக்கு மேலே, காற்றில் இருந்தது.