ஆர்லின் மாடிப்படி ஏறிய செவ்வாய்க்கிழமை

பயிற்சி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். அன்று செவ்வாய். அதனால் மாடிப்படியின் அடியில் கணவன் ஆர்லினின் பூட்ஸ் சத்தம் கேட்டதும், மாடி அறையில் படுக்கைவிரிப்பை மடித்துக்கொண்டிருந்த மார்லிஸின் கைகள் அப்படியே நின்றன.

மதியம் பன்னிரண்டுகூட ஆகவில்லை. வெளியே அக்டோபர் மூடுபனி பீட்ரூட் வயல்களையும் தானியக் கிடங்கையும் விழுங்கிவிட்டு முற்றம்வரை வந்து நின்றிருந்தது. முற்றத்தில் ஆர்லினின் லாரி இல்லை. அறுவடை நடக்கும் இந்த மூன்று வாரமும் அவன் விடியும் முன்பே பீட்ரூட் ஏற்றப் போய்விடுவான்.

"ஆர்லின்?"

இரண்டாவது படி முனகியது. அவன் எடை தெரிந்த முனகல்.

கீழ்ச்சாலையில் ஒரு வீட்டை யாரோ உடைத்துப் புகுந்த பிறகு, மார்ச் மாதம் துப்பாக்கி வாங்கப் போனார்கள். கடைக்காரர் மார்லிஸின் ஒல்லித் தோளைப் பார்த்துவிட்டு இருபது கேஜ் ஷாட்கன் ஒன்றை எடுத்து வைத்தார். "இவங்க உடம்புக்கு இதுதான் சரி. உதை கம்மி. அறைக்குள்ள ஒரு ஆளை நிறுத்த இதுவே தாராளம்."

ஆர்லின் அதைத் தள்ளிவிட்டு, அதைவிடப் பெரிய குழலுள்ள பன்னிரண்டு கேஜைக் காட்டினான். "தோள்ல நாலு உதை வாங்கினாத்தான் இவளுக்கு உறைக்கும்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. மார்லிஸ் சிரித்தாள். சிரிக்காவிட்டால் வீடு திரும்பும் வழி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் மரவரிசைக்குப் பின்னால் வைக்கோல் கட்டுகளைச் சுடப் பழக்கினான். கட்டையைத் தோளோடு அழுத்து, கன்னத்தை ஒட்டவை, முன்னால் சாய். ஒவ்வொரு வெடிக்கும் தோள் கன்றிக் கத்தரிக்காய் நிறமானது. பிறகு வீட்டுக்குள். தோட்டாக்களை உருவிவிட்டு வெறும் துப்பாக்கியை அவள் கையில் கொடுப்பான். அவன் கீழே போய்த் திருடனாகிப் படியேறி வருவான். அவள் கட்டிலுக்குப் பின்னால் மண்டியிட்டு, குழலை அறை வாசலுக்கு நேராக நீட்டி, உரக்க எச்சரிக்க வேண்டும். குரல் நடுங்கினால் குழலைப் பிடுங்கி, அவளைத் துணி அலமாரிக்குள் தள்ளிப் பூட்டிவிடுவான்.

"திருடன் மட்டும் உன்னைக் கொஞ்சுவானா?"

ஒருமுறை பூட்டியதை மறந்துவிட்டுக் கால்பந்து பார்க்க உட்கார்ந்துவிட்டான். இருட்டும்வரை அவள் கோட்டுகளுக்கிடையே நின்றிருந்தாள். தட்டவில்லை. தட்டினால் இன்னும் நேரமாகும்.

மூன்றாவது படி.

ஈர மண்ணும் டீசலும் அழுகிய பீட்ரூட் இலையும் கலந்த வாசனை மாடிவரை ஏறி வந்தது. அவன் மேல்கோட்டின் வாசனைதான். ஆனால் கூடவே குளிர்ந்த இன்னொன்று, நிலவறைத் தரையைத் தோண்டினால் வருவதுபோல. மார்லிஸ் துப்பாக்கியை எடுத்தாள். மேசை இழுப்பறையிலிருந்த ஐந்து தோட்டாக்களையும் செருகினாள். முன்பிடியை இழுத்துத் தள்ளினாள். அந்தச் சத்தம் வீடெங்கும் கேட்டது.

காலடி நின்றது. பிறகு, அவசரமில்லாமல், நான்காவது படி.

அவள் கைபேசியில் ஆர்லினை அழைத்தாள். எடுத்தான். பின்னணியில் லாரியின் இரைச்சல்.

"ஆர்லின், எங்க இருக்க?"

"நம்ம ரோட்டுலதான். சாப்பிட வர்றேன், அஞ்சு நிமிஷம். ஏன்?"

"படியில யாரோ ஏறி வர்றாங்க. உன்னோட... உன் பூட்ஸ் சத்தம்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "ஏழு மாசமா எதுக்கு, செல்லம், கத்துக்குடுத்தேன்? சுடு. இல்லன்னா அலமாரிக்குள்ள போய் உக்காந்துக்கோ. உனக்குப் பழக்கம்தானே."

இணைப்பைத் துண்டித்தான்.

எட்டாவது. ஒன்பதாவது. அவள் மண்டியிட்டாள். கன்னத்தைக் கட்டையில் ஒட்டினாள்.

அறை வாசலில் ஆர்லின் வந்து நின்றான்.

அதே கோட்டு. அதே செம்பட்டை மீசை. மூடுபனி ஒட்டிய தொப்பி. படியேறியும் மூச்சு வாங்கவில்லை. மூச்சே இல்லை. மார்பு அசையவில்லை.

"துப்பாக்கி இருக்கு! வெளிய போ!"

அவள் குரல் நடுங்கவில்லை. அது தலையைச் சாய்த்து, அந்தக் குரலைச் சுவைப்பதுபோல உதடுகளை மெல்ல அசைத்தது. பிறகு ஓரடி உள்ளே வைத்தது.

சுட்டாள்.

தோளில் உதை. காதில் ரீங்காரம். அது பின்னால் சரிந்து, படிகளில் தலைகீழாக உருண்டு, பாதியில் நின்றது. வாசல்வரை போய் எட்டிப் பார்த்தாள். மார்பில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. ரத்தம் இல்லை. கறுப்பு மண் கொழகொழவென்று வழிந்துகொண்டிருந்தது. கண்கள் அவளையே பார்த்தன.

வெளியே லாரி வந்து நின்றது. சமையலறைக் கதவு திறந்தது.

"என்னடி, நிஜமாவே சுட்டுட்டியா?" ஆர்லினின் சிரிப்பு. "எதைச் சுட்ட? பூனையையா?"

படியில் கிடந்தது வாயைத் திறந்தது.

"ஆர்லின், மேல வா," என்றது. மார்லிஸின் குரலில். "எனக்குப் பயமா இருக்கு."

ஒரு வார்த்தை போதும். வராதே என்று ஒரே ஒரு வார்த்தை. அவன் சமையலறையைத் தாண்டி வரும் சத்தம் கேட்டது. முணுமுணுத்துக்கொண்டே வந்தான். "பயமாம். இன்னைக்கு ராத்திரி பூரா அலமாரிக்குள்ளயே கிட."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அறைக்குள் வந்து கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

பூட்ஸ் ஏறியது. ஒன்று. இரண்டு. மூன்று.

"ஏய், இது என்ன..."

அப்புறம் சேற்றைப் பிசைவது போன்ற ஒரு சத்தம். நெடுநேரம். ஆர்லின் கத்தவில்லை. கத்த வாய் காலியாக இல்லாதவன்போல மூக்கால் மட்டும் அனத்தினான். அதுவும் நின்றது.

படியில் இறங்கும் காலடிகள். இரண்டு பேருடையவை. சமையலறையில் நாற்காலி இழுபட்டது. இன்னொன்றும். காப்பி ஊற்றும் சத்தம்.

கீழே சுவரிலிருந்த தொலைபேசி அடித்தது. வெடிச்சத்தம் கேட்டு யாரோ அழைத்திருக்க வேண்டும்.

"ஐயோ, ஒண்ணுமில்ல," என்றது கீழே மார்லிஸின் குரல், கொஞ்சம் வெட்கத்தோடு. "பயிற்சிதான். நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். நீங்க யாரும் வர வேண்டாம்."

அதன் பக்கத்தில் ஆர்லின் சிரித்தான்.

மார்லிஸ் ஜன்னலைத் தள்ளித் திறந்து, மூடுபனியைப் பார்த்து, நரம்பு புடைக்கக் கத்தினாள். வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது. மறுபடி கத்தினாள். காற்று.

கீழே அவள் குரல் சிரிக்க ஆரம்பித்தது.